கையை உயர்த்தினால் நிறுத்தவும்

எனக்கு வயது இருபத்து மூன்று. இன்றோடு பணியிலிருந்து ஓய்வு பெறுகிறேன். இந்த இரண்டு வாக்கியங்களையும் அடுத்தடுத்து எழுதுவதில் எனக்கே சற்றுக் கூச்சம் உண்டு. என்றாலும் பாடாங் செராயில் உள்ள நம் இசைப் பள்ளியின் முதல் செயலாளர் நான்தான். இங்கிருந்து ஓய்வு பெறும் முதல் ஆளும் நான்தான். மற்ற யாரும் போவதாக இல்லை.

சென்னையில் இலக்கியம் படித்துக்கொண்டிருந்த நான், அக்காவின் திருமணத்துக்காக ஒரு மாத விடுப்பில் கப்பலேறி மலாயாவுக்கு, அப்பாவின் துணிக்கடைக்கு வந்தேன். பின்னாலேயே ஜப்பானியரும் வந்தார்கள். கப்பல் நின்றுபோயிற்று. ஒரு மாத விடுப்பு ஐந்து ஆண்டாக நீண்டது. இப்போது கப்பல் ஓடுகிறது. கல்லூரியிலும் இடம் இருக்கிறது என்று கடிதம் வந்துவிட்டது.

புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் நால்வரும் சான்றிதழ் பெற்றவர்கள். ‘இங்குள்ள பழைய ஆசிரியர்கள் யாரிடம் பாடம் கேட்டார்கள்?’ என்று உங்களில் ஒருவர் போன வாரம் கேட்டதாக அறிந்தேன். நியாயமான கேள்வி. நேரில் பதில் சொல்ல எனக்கு வாய் வராது. ஆகவே எழுதி வைத்துவிட்டுப் போகிறேன்.

போருக்கு முன் நம் பள்ளியில் முறையாகக் கற்ற பாகவதர் ஒருவர் இருந்தார். அவர் கடைசிக் கப்பலைச் சரியாகக் கணித்து ஏறிவிட்டார். எஞ்சிய பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல, ஊரில் ஓசை எழுப்பத் தெரிந்த எல்லோரையும் பள்ளியை நடத்திய கடைக்காரர்கள் கூட்டிவந்தார்கள். என் கையெழுத்து நன்றாக இருந்த காரணத்தால் அப்பா என்னைச் செயலாளராக்கினார்.

ஆர்மோனிய ஆசிரியர் சாப்பாட்டுக் கடை பாய். அரிசியும் சீனியும் இல்லாமல் கடையை மூடியவர். இருபது ஆண்டு சமையற்கட்டை நோக்கிக் குரல் கொடுத்துப் பழகியதால் ஸ்வரத்தையும் அவ்வாறே சொல்லுவார்: “ரெண்டு ச, ஒரு ரி! க கொஞ்சம் நீட்டா! ப தனியா, கூட எதுவும் வேணாம்!” பிள்ளைகள் ஒரு ஸ்வரத்தைக்கூட மறந்ததில்லை. மறந்தால் பசித்தவர் ஒருவர் எங்கோ காத்திருக்கிறார் என்ற குற்றவுணர்வை அவர் உண்டாக்கியிருந்தார்.

ஊதுகொம்பு ஆசிரியர் சீனர். ஊரார் அவரை அப்பே, அதாவது பெரியப்பா, என்று அழைத்தார்கள். சவ ஊர்வலத்துக்கு வாசிக்கும் குழுவில் இருந்தவர். எந்தப் பாட்டைக் கொடுத்தாலும் பிணவண்டிக்குப் பின்னால் நடக்கும் வேகத்தில்தான் வாசிப்பார்.

பாட்டு ஆசிரியை ரப்பர்த் தோட்டத்து ஆயாக் கொட்டகையிலிருந்து வந்த அக்கா. தாய்மார் பால்மரம் வெட்டப் போனபின் நாற்பது குழந்தைகளை ஒரே நேரத்தில் தூங்கவைக்கும் வேலை அவருடையது. அவருடைய குரல் அத்தனை இனிமை. அதனால் நேர்ந்த இடர்ப்பாடும் உண்டு. மூன்றாவது அடியில் முன்வரிசை கொட்டாவி விடும். ஐந்தாவது அடியில் வகுப்பே சாயும். ஒரு நாள் வருகைப் பதிவு எடுக்கப் போன நான், எழுந்தபோது மாலையாகியிருந்தது. “நல்லாப் பாடியிருக்கேன்னு அர்த்தம்,” என்றார் அக்கா.

நான்காமவர் தவில்காரர். விடியலில் பால்மரம் வெட்டுவார். கோயில் திருவிழாவிலும் கல்யாணத்திலும் தவில் வாசிப்பார். மற்ற மூவரைப் பற்றியும் என் நோட்டுப் புத்தகத்தில் பக்கம் பக்கமாகக் குறைகள் உண்டு. தவில்காரரைப் பற்றி ஒரே வரிதான்: ‘குறை எதுவுமில்லை.’ அந்த வரியை நினைவில் வையுங்கள். இந்தக் கதையில் நடந்த எல்லாவற்றுக்கும் காரணம் அதுதான்.

எங்கள் கெடா மாநிலம் சயாம்காரர் கைக்குப் போவதற்குச் சில மாதங்களுக்கு முன் இது நடந்தது. சயாமில் ரயில்பாதை போட ஆள் வேண்டும் என்று தோட்டம் தோட்டமாகப் பெயர் எழுதினார்கள். காலையில் ஆள்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடும் பெரட்டில், வேலையை மேற்பார்க்கும் தண்டல் புதுப் பட்டியலை வாசித்தார். தவில்காரர் பெயர் அதில் இருந்தது. வியாழக்கிழமை லாரி வரும். முன்பு போனவர்களிடமிருந்து அதுவரை ஒரு கடிதமும் வந்ததில்லை.

அவர் அழவில்லை, கெஞ்சவுமில்லை. பள்ளிக்கு வந்து தவிலைச் சுவரோரம் வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: “பாப்பா, எனக்கு நாலு பொண்ணு. நாலு கல்யாணத்துக்கும் நானே வாசிக்கணும்னு இருக்கேன். வெளியாளக் கூப்பிட்டா நமக்குக் கட்டாதுலா. எழுத்துல ஏதாச்சும் வழி இருக்கா, பாரு.”

எழுத்தில் வழி இருக்கவில்லை. வழி சொன்னவர் துபாஷி.

அவரையும் அறிமுகப்படுத்த வேண்டும். போருக்கு முன் கூலிம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர். மூன்று மாத வகுப்பில் ஜப்பானிய மொழி கற்று, அதிகாரிகளுக்கு மொழிபெயர்க்கும் துபாஷியானார். பழைய பழக்கம் போகவில்லை: அதிகாரி கால் மணி நேரம் பேசினாலும் இவர் நிறுத்தத்தின் பெயரைச் சொல்வது போல ஒரே சொல்லில் முடித்துவிடுவார். கல்யாணமாகாதவர். அவருடைய தாயார் மூன்று ஆண்டாகப் பெண் தேடிக்கொண்டிருந்தார்.

“செவ்வாய்க்கிழமை அலோர் ஸ்டாரிலிருந்து அதிகாரி வர்றாரு,” என்றார் துபாஷி. “தினம் காலையில திடல்ல எல்லாரும் உடற்பயிற்சி செய்றோம்ல, அதுக்குப் பாட்டுப் போடுற ரேடியோ செத்துப்போச்சு. நீங்க வாசிங்க. அதிகாரிக்குப் பிடிச்சா ஆளுக்கொரு கைப்பட்டை குடுப்பாரு. கைப்பட்டை போட்ட ஆள தண்டல் தொட முடியாது.”

“பிடிக்கலன்னா?” என்று கேட்டார் பாய்.

துபாஷி விரல்விட்டு எண்ணினார். “வியாழக்கிழமை லாரியில இடம் நிறைய இருக்கு, பாய்.”

எங்களுக்குக் கிடைத்தவை ஆறு நாள்கள். உடற்பயிற்சிக்கு எட்டு எண்ணிக்கை: ஒன்றில் கை மேலே, இரண்டில் பக்கவாட்டில், இவ்வாறாக எட்டில் நேர்நிலை. நான் நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டு, எந்த எண்ணுக்கு எவர் என்ன வாசிக்க வேண்டும் என்று எழுதினேன். கட்டங்கள் மிக அழகாக வந்தன.

முதல் ஒத்திகையில் மளிகைக் கடைக்காரரைப் பயிற்சி செய்யச் சொல்லி நிறுத்தினோம். ‘ஒன்று’ என்று கையை உயர்த்தினார். அப்பே ஊதினார். ஊதினார். ஊதிக்கொண்டே இருந்தார். “இரண்டு எப்பலா வரும்? கை மரத்துப்போச்சு!” என்றார் கடைக்காரர்.

“கொஞ்சம் வேகமாக வாசிக்க முடியுமா?” என்று கேட்டேன்.

அப்பே வருத்தத்தோடு தலையசைத்தார். சின்னப் பெண் என்ற பொருளில் என்னை அம்மோய் என்றுதான் அழைப்பார். “செத்த ஆளு ஓடமாட்டான்லா, அம்மோய்.”

பிறகு ஒன்று கேட்கத் தோன்றியது. “புதைத்துவிட்டுத் திரும்பி வரும்போது?”

அப்பேயின் முகம் மலர்ந்தது. “ஓ! திரும்பி வர்றது வேகம். எல்லாருக்கும் பசி.”

திரும்பிவரும் பாட்டையே வாசிக்கச் சொன்னேன். எட்டு எண்ணிக்கைக்குள் கச்சிதமாக அடங்கியது. தெரியாததை அவர் தலையில் திணிக்கக் கட்டம் போட்டே நான் இரண்டு நாளை வீணாக்கியிருந்தேன். வேண்டியது ஏற்கெனவே அவர் கையில் இருந்தது. உங்கள் சான்றிதழில் இது எந்தத் தாளில் வருகிறது என்று எனக்குத் தெரியவில்லை.

பாய் சுலபமாக வழிக்கு வந்தார். “எட்டு பேருக்கு ஒரே ஆர்டர், அவ்வளவுதானே?” என்றார். அக்கா மட்டும் வழிக்கு வரவில்லை. ‘மூன்று’ என்று அவர் பாடியதும் மளிகைக் கடைக்காரர் முன்னால் வளைந்தார்; ‘நான்கு’க்கு நிமிரவில்லை. தொட்டுப் பார்த்தோம், தூங்கியிருந்தார். ஆகவே அக்காவைப் பாட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, வரவேற்பில் தூவுவதற்காகச் செம்பருத்தி இதழ்க் கூடை ஒன்றை அவர் கையில் கொடுத்தேன். இது என்னுடைய இரண்டாவது பிழை.

முதல் பிழை, விதிகளை எழுதியபோதே நடந்துவிட்டது. கடைசி விதி இது: ‘அதிகாரி கையை உயர்த்தினால் உடனே நிறுத்தவும்.’ நால்வருக்கும் வாசித்துக் காட்டினேன். நால்வரும் தலையாட்டினார்கள். ஆனால் ஒத்திகையில் நான் ஒருமுறைகூடக் கையை உயர்த்தவில்லை. ஆண்கள் நிறைந்த இடத்தில் கையைத் தூக்கி ஆணையிட எனக்குக் கூச்சம். போதும் என்று தோன்றியதும் நோட்டுப் புத்தகத்தை மெல்ல மூடுவேன். அதைக் கண்டதும் நால்வரும் நிறுத்திவிடுவார்கள். அந்த அழகிய ஒழுங்கில் நான் மகிழ்ந்துபோயிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை விடிந்தது. அதிகாரியை எவ்வாறு வரவேற்பது என்று கடைக்காரர்களிடம் யாரும் சொல்லவில்லை. தமக்குத் தெரிந்த முறையில் அவர்கள் ஏற்பாடு செய்திருந்தார்கள். அப்பாவின் கடையிலிருந்து துணி அளக்கும் பெரிய மேசையைத் தூக்கிவந்து திடலில் மேடையாகக் கிழக்கு நோக்கிப் போட்டிருந்தார்கள். அதன்மேல் கோரைப்பாய் விரித்திருந்தார்கள். இருபுறமும் குலை தள்ளிய வாழைமரம். மேலே கோயிலிலிருந்து எடுத்துவந்த சிவப்புத் துணி. நான் பார்த்தபோது ஏதோ உறுத்தியது, இன்னதென்று தெரியவில்லை. இலக்கியம் படிப்பவர்களுக்கு உவமை கண்ணில் படும், மேடை படாது.

அதிகாரி வந்தார். குள்ளமானவர், சுத்தமானவர், சிரிக்காதவர். பூக்காரர் இரண்டு மாலை கட்டியிருந்தார். ஒன்றை மேடையேறிய அதிகாரிக்குப் போட்டார்கள். மற்றொன்றை வீணாக்குவானேன் என்று, அவருடைய வலப்பக்கம் நின்ற துபாஷிக்குப் போட்டுவிட்டார்கள்.

உடற்பயிற்சி தொடங்கியது. இருநூறு பேர் இருப்பார்கள். அப்பே பசியோடு ஊதினார். பாய் எட்டுப் பேருக்கு ஒரே ஆர்டர் சொன்னார். தவில்காரர் குறை எதுவுமின்றி வாசித்தார். கைகள் ஒன்றாக ஏறின, ஒன்றாக இறங்கின. அதிகாரியின் தலை மெல்ல அசைவதை நான் கண்டேன். கைப்பட்டைகள் அவருடைய உதவியாளர் கையில் இருந்ததையும் கண்டேன்.

போதும் என்று எண்ணிய அதிகாரி வலக்கையை உயர்த்தி, சுட்டுவிரலை நீட்டினார்.

வாழைமரம், சிவப்புத் துணி, கிழக்கு பார்த்த மேடை, மாலையும் கழுத்துமாக இருவர், உயர்ந்து நிற்கும் ஒரு சுட்டுவிரல். இருபத்தைந்து ஆண்டாகக் கல்யாண வீட்டில் உட்கார்ந்த ஒரு மனிதர் இதைக் கண்டு என்ன செய்வார்?

தவில்காரர் கெட்டிமேளம் வாசித்தார்.

திடல் அதிர்ந்தது. அதிகாரி திடுக்கிட்டு, நிறுத்தச் சொல்லி விரலை ஆட்டினார். விரல் ஆடினால் இன்னும் உரக்க வாசிக்க வேண்டும் என்பது தவில்காரர் கற்ற பாடம், வாசித்தார். அதிகாரி இரு கைகளையும் தூக்கினார். தவில்காரர் கண்ணை மூடிக்கொண்டார். ஆயாக் கொட்டகை அக்காவின் கை தன்னையறியாமல் கூடைக்குள் போய், செம்பருத்தி இதழ்களை அள்ளி மேடைமீது வீசியது. பக்கத்திலிருந்த பெண்களும் கூடையில் கைவிட்டார்கள். பின்வரிசைக்காரர்கள் பூ எட்டாமல் புல்லைப் பிடுங்கி வீசினார்கள்.

அக்கணத்தில்தான் இருநூறு பேருக்கும் ஒருசேரப் புரிந்தது, என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று. யாரும் சிரிக்கவில்லை. ஜப்பானியர் காலத்தில் சிரிப்பை அடக்குவது உயிர்காக்கும் கலை. மளிகைக் கடைக்காரர் மட்டும் பயிற்சி செய்கிறவர் போலக் குனிந்துகொண்டு, முதுகு குலுங்க, நிமிரவே இல்லை.

துபாஷிக்கும் புரிந்துவிட்டது. இதழ்கள் ஒட்டிய முகத்தோடு என்னைப் பார்த்து அவர் ஏதோ கத்தினார். மேளத்தில் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்பதற்காகத்தானே கெட்டிமேளம்!

நான் நோட்டுப் புத்தகத்தை மூடினேன். பயனில்லை, தவில்காரரின் கண்கள் மூடியிருந்தன. அதிகாரியின் கை இடுப்பிலிருந்த வாளை நோக்கிப் போவது தெரிந்தது. வியாழக்கிழமை லாரியும் தவில்காரரின் நான்கு பெண்களும் என் நினைவுக்கு வந்தார்கள்.

எப்போது நிற்கும் இந்த மேளம்? என் சொந்த அக்காவின் திருமணத்தை நினைத்துப் பார்த்தேன். அன்று வாசித்தவரும் இதே தவில்காரர்தான். மூன்றாவது முடிச்சு விழுந்தபோது நின்றது. அதற்கு முன் இடியே விழுந்தாலும் அவர் நிறுத்தமாட்டார்.

ஆகவே நான் மேடையில் ஏறினேன். என் வாழ்வில் அதுவரை நான் எந்த மேடையிலும் ஏறியதில்லை. அதிகாரியின் மாலையைத் தொடும் துணிவு எனக்கு இல்லை. துபாஷிக்குப் பின்னால் போய், அவருடைய மாலையில் தொங்கிய நார் நுனிகளைப் பிடித்து, “ஒண்ணு! ரெண்டு! மூணு!” என்று என் குரலில் இருந்த எல்லாவற்றையும் சேர்த்துக் கத்தி, மூன்று முடிச்சுப் போட்டேன்.

எண்ணிக்கை கேட்டுத் தவில்காரர் கண்ணைத் திறந்தார். மூன்றாம் முடிச்சில் குச்சி நின்றது.

முதலில் கேட்டது பின்வரிசையிலிருந்து ஒரு கிழவியின் தாழ்ந்த குரல்: “அப்ப பொண்ணு நம்ம தம்பிதான்.”

அதிகாரி துபாஷியிடம் நீளமாக ஏதோ கேட்டார். துபாஷி என்னிடம் திரும்பினார். “என்னான்னு கேக்குறாரு. அக்கா, என்னக்கா சொல்றது?” என்னைவிட நான்கு வயது மூத்தவர் அவர்; பயத்தில் அக்கா என்றார்.

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள் நான். உண்மையிலேயே சொல்லத் தகுந்தவை எவை என்று தேர்ந்தெடுத்தேன். “கெட்ட ஓசை எதுவும் காதில் விழக்கூடாத நல்ல நேரத்தில் வாசிப்பது இது என்று சொல்லுங்கள். ஒருவருக்கு வாழ்நாளில் ஒருமுறைதான் வாசிப்பார்கள் என்றும் சொல்லுங்கள். அவர் கையை உயர்த்தியதால்தான் வாசித்தார்கள்.”

துபாஷி தம் வாழ்வில் முதன்முறையாக ஒரு முழு வாக்கியத்தை மொழிபெயர்த்தார்.

அதிகாரி மேடையிலிருந்து இறங்கித் தவில்காரர் அருகே நடந்து போனார். அவருடைய வலக்கை விரல்களில் மாட்டியிருந்த கூடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு ஏதோ சொன்னார். துபாஷியின் முகம் வெளுத்தது. “இன்னொரு தடவை வாசிக்கச் சொல்றாரு.”

தவில்காரர் எழுந்து கும்பிட்டார். “மன்னிக்கணுங்க. ஒருத்தருக்கு ஒரு தடவைதாங்க. மறுபடி வாசிக்கிறது முறையில்லீங்க.”

உயிர் போகும் நேரத்தில் முறை பேசிய அந்த மனிதரை நான் பார்த்தபடி நின்றேன். துபாஷி அதைத் தயங்காமல் மொழிபெயர்த்தார். பிறகு தமிழில் தமக்குள் முணுமுணுத்தார்: “புண்ணியமாப் போச்சுண்ணே. இதுக்குமேல நமக்குத் தாங்காது.”

அதிகாரி குதிகால்களைச் சேர்த்து நிமிர்ந்து நின்றார். பின்னர் தவிலுக்கு, ஆளுக்கல்ல, தலை தாழ்த்தி வணங்கினார். உதவியாளரிடம் கையை நீட்டினார். ஐந்து கைப்பட்டைகள் கொடுத்தார், ஐந்தாவது எனக்கு.

வியாழக்கிழமை லாரி வந்தது. தவில்காரர் பெயரின்மேல் கோடு விழுந்திருந்தது. கைப்பட்டையோடு சாலையோரம் நின்று, ஏறியவர்கள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அனுப்பினார். அவர்களில் திரும்பி வந்தவர்கள் மிகச் சிலர். அதைப் பற்றி வேடிக்கையாக எழுத முடியாது, ஆகவே எழுதவில்லை. அன்று மாலை வகுப்பில் அவர் என்னிடம் ஒன்றுதான் சொன்னார்: “பாப்பா, நீ முடிச்சுப் போடலன்னா நான் இன்னும் அடிச்சிக்கிட்டுத்தான் இருப்பேன்.”

என் நோட்டுப் புத்தகத்தில் ‘குறை எதுவுமில்லை’ என்ற வரியை அடித்துவிட்டு, ‘கல்யாண மேளம் வாசிப்பவர்’ என்று எழுதினேன். முதல் நாளே எழுதியிருக்க வேண்டிய வரி. குறை இல்லாதவரிடம் நாம் ஒன்றும் கேட்பதில்லை. ஒருவர் எங்கிருந்து வருகிறார் என்று கேட்பது அவரைத் தாழ்த்துவதற்கு அல்ல. அவர் முன்னால் எந்த விரலை உயர்த்தக்கூடாது என்று தெரிந்துகொள்வதற்கு.

ஜப்பானியர் போனார்கள். கடந்த ஆவணியில் துபாஷிக்குத் திருமணம் நடந்தது. இம்முறை ஒரு பெண்ணோடு. பெரியவர் விரலை உயர்த்தினார். தவில் பேசவில்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தவில்காரர் குச்சியை மடியில் வைத்துக்கொண்டு சாவதானமாக உட்கார்ந்திருந்தார்.

“தம்பிக்கு ஒரு தடவை வாசிச்சாச்சே. ஒருத்தருக்கு ஒரு தடவைன்னு செயலாளர் பாப்பாதானே சொல்லுச்சு?”

“அண்ணே, அடிங்கண்ணே, நேரம் போகுது!” என்று தாலியும் கையுமாக மாப்பிள்ளை அலறினார். மூன்றாண்டாக அடக்கிவைத்த சிரிப்பை அந்த மண்டபம் அன்றுதான் வெளியே விட்டது. மளிகைக் கடைக்காரரைத் தூக்கிப் போய்த் தண்ணீர் தெளித்தார்கள்.

பிறகு வாசித்தார். முடிச்சு மூன்றும் விழுந்தன. மேளம் நிற்கவில்லை. பெரியவர் சாடை காட்டினார், நிற்கவில்லை. தவில்காரர் பெண்கள் வரிசையில் இருந்த என்னையே பார்த்துக்கொண்டு வாசித்தார். என்னிடம் நோட்டுப் புத்தகம் இல்லை. மடியில் விரித்திருந்த கல்யாணப் பத்திரிகையை மெல்ல மடித்தேன். உடனே நிறுத்தினார்.

வரும் தை மாதம் அவருடைய மூத்த மகளுக்குத் திருமணம். பெண்ணைத் தாரைவார்த்துக் கொடுத்த கையோடு ஓடிவந்து தவிலை மாட்டிக்கொள்வதாகத் திட்டம். நான் அப்போது சென்னையில் இருப்பேன். நோட்டுப் புத்தகம் மேசையின் இடப்பக்க இழுப்பறையில் இருக்கிறது. உங்களில் ஒருவர் அதை எடுத்துக்கொண்டு போய், அவருடைய கண்ணில் படும் இடத்தில் உட்காருங்கள்.

மூன்றாவது முடிச்சு விழுந்ததும் அவசரப்பட்டு மூடிவிட வேண்டாம். அவர் கொஞ்ச நேரம் வாசிக்கட்டும்.